மண்ணைக் கல்லாக்கும் கைப்பொறி

கையில் காசு குறைவு, உழைக்க ஆள் உண்டு என்ற நிலையிலுள்ள குடும்பம் தன் வீட்டுச் சுவரைத் தானே எழுப்பிக்கொள்ள உதவும் கருவி சின்வா-ராம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இயங்கிய வீட்டுவசதி ஆய்வு மையம் ஒன்றில், 1950களில் சிலி நாட்டுப் பொறியாளர் ரவுல் ராமிரெஸ் இதை வடிவமைத்தார். இதற்கு மின்சாரமோ விறகோ சூளையோ தேவையில்லை.

இரும்பால் ஆன அச்சுப்பெட்டி, மேலே ஒரு மூடி, அடியில் ஏறி இறங்கும் தட்டு, நீண்ட நெம்புகோல், இவ்வளவுதான் கருவி. எடை சுமார் 60 கிலோ. ஈரமண்ணை நிரப்பி, மூடிவிட்டு, நெம்புகோலை இழுத்தால் அடித்தட்டு மேலெழும்பி மண்ணை இறுக்கும். மூடியை விலக்கிக் கோலை மறுபக்கம் அழுத்தினால் கல் மேலே வந்துவிடும். கை பழகிய சிலர் சேர்ந்தால் ஒரு நாளில் 300 கல் அடிக்கலாம்.

கருவியைவிட மண்ணில்தான் கவனம் வேண்டும். வேரும் மக்கும் கலந்த மேல்மண் ஆகாது; அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். அதில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். மணல் மிகுந்து, ஓரளவு களி உள்ள செம்மண் ஏற்றது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

சலித்த மண்ணில் 5 முதல் 10 சதவீதம் சிமெண்ட்டை உலர்வாகக் கலந்து, பிறகு தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி, தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடிப்பொடியானால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பையானால் தண்ணீர் அதிகம்.

அடித்த கல்லை நிழலில் அடுக்கி, முதல் வாரம் முழுக்க ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் சிமெண்ட் இறுகாது. நாலு வாரம் கழித்துச் சுவரேற்றலாம்.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இவ்வகை மண்கற்களால் பல கட்டடங்கள் எழுந்துள்ளன. அங்குள்ள பார்வையாளர் மையம் அவற்றில் ஒன்று. சொந்த உழைப்பில் கட்டினாலும், அஸ்திவாரத்துக்கும் கூரைக்கும் அனுபவமுள்ள கொத்தனாரின் மேற்பார்வை அவசியம். வீடு கட்டும் எண்ணம் இருக்கிறதா? சூளைக்கு முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் மனையின் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.