அப்பத்தாவோட இடுப்பும் நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும்

எங்க ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்துல இருந்து கம்பம் போற ரோட்டுல வரும். ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு. போன வருஷம் ஐப்பசி மழையில எங்க அப்பத்தா வாசப்படியில வழுக்கி விழுந்தாங்க. ஒரு அடி உயரம்கூட இருக்காது. ஆனா எந்திரிக்க முடியல. வலது கால் கொஞ்சம் குட்டையாத் தெரிஞ்சது. பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடந்தது.

"சுளுக்காத்தான் இருக்கும்"னு ஒருத்தர். "கட்டுப் போட்டா கூடிரும்"னு இன்னொருத்தர். கட்டும் போட்டாச்சு. நாலு நாள் போச்சு. அஞ்சாம் நாள்தான் எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்போட கழுத்துப் பகுதி முறிஞ்சிருந்தது.

நான் சிவில் ஃபைனல் இயர். பீமுக்கும் காலத்துக்கும் லோடு கணக்குப் போடுவேன். ஆனா என்னையே தாங்கி நிக்கிற ஸ்ட்ரக்சர் பத்தி ஒண்ணும் தெரியலைன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. அதுக்கப்புறம் படிச்சதைத்தான் இங்க எழுதுறேன். நீங்க எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் புரியும்.

206 எங்கிருந்து வருது?

பிறக்கும்போது நமக்கு கிட்டத்தட்ட 300 எலும்பு. பல இடத்துல பாதி குருத்தெலும்பாவே இருக்கும். வளர வளர ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து 206 ஆகுது. இதை ரெண்டாப் பிரிக்கலாம். மண்டை ஓட்டுல 22, காதுக்குள்ள 6, தொண்டையில 1, முதுகுத்தண்டுல 26, விலா எலும்பும் நெஞ்செலும்பும் சேர்த்து 25. ஆக 80. இதுதான் நடு அச்சு. மிச்சம் 126 கை, கால், தோள், இடுப்பு. அதுலயும் ரெண்டு கை, ரெண்டு பாதத்துல மட்டும் 106. மொத்த எலும்புல பாதிக்கு மேல! டைப் அடிக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் உடம்பு எவ்வளவு ஜாயின்ட் ஒதுக்கியிருக்குன்னு பாருங்க.

ஸ்கூல் பயாலஜி லேப் எலும்புக்கூடு ஞாபகம் இருக்கா? அது நிக்காது, கொக்கியில தொங்கும். காரணம் எங்க ஊர் பந்தல்ல இருக்கு. கல்தூண் அமுக்கத்தைத் தாங்கும், மேல ஓடுற கம்பி இழுவிசையைத் தாங்கும். கம்பியை அறுத்துவிட்டா தூண் சாஞ்சிரும். நம்ம உடம்புல தூண் எலும்பு, கம்பி தசையும் நாரும். ரெண்டும் சேர்ந்தாதான் நிக்க முடியும்.

கம்பியும் கான்கிரீட்டும்

எலும்பு ஒரு காம்போசிட். எடையில சுமார் 65 சதவீதம் கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது, சுமார் 25 சதவீதம் புரதம், மிச்சம் தண்ணி. புரதத்துல பெரும்பகுதி கொலாஜன். தாது கான்கிரீட் மாதிரி, கொலாஜன் கம்பி மாதிரி. சந்தேகம்னா கோழிக்கால் எலும்பை வினிகர்ல சில நாள் ஊறப்போடுங்க. தாது கரைஞ்சு எலும்பு ரப்பர் மாதிரி வளையும். அடுப்புல நல்லா எரிச்சா கொலாஜன் போயிரும். தொட்டாலே நொறுங்கும்.

எம்25 கான்கிரீட் அமுக்கத்துல 25 மெகாபாஸ்கல் தாங்கும். தொடை எலும்போட கெட்டியான வெளிப்பகுதி நீளவாக்குல சுமார் 170 தாங்கும். வளைவுல கான்கிரீட்டோட இழுவிசைத் தாங்குதிறன் ஐஎஸ் 456 கணக்குப்படி 3.5 தான். எலும்பு இழுவிசையில நூறைத் தாண்டும். இத்தனைக்கும் கான்கிரீட்டை விட எடை குறைவு.

அந்தக் 'கம்பி' எப்படி இருக்கும்னு கண்டுபிடிச்ச இடம் நம்ம சென்னை. ஜி.என். ராமச்சந்திரன் 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வந்தார். அப்ப அவருக்கு வயசு 30. சென்னை வந்த விஞ்ஞானி பெர்னல், கொலாஜனோட அமைப்பு இன்னும் பிடிபடலைன்னு சொல்லிட்டுப் போனார். தோல்னாலே பெரும்பாலும் கொலாஜன்தான், அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலயே இருந்தது. கங்காரு வால் நாரை எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954ல் 'நேச்சர்' இதழ்ல விடையை வெளியிட்டாங்க. மூணு புரத இழை சேர்ந்த அமைப்பு அது. அந்த மூணும் ஒண்ணையொண்ணு சுத்தி முறுக்கியிருக்குன்னு 1955ல் மேலும் திருத்தமாச் சொன்னாங்க. இழையில ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின். நடுவுல இடம் அவ்வளவு குறைவு, அமினோ அமிலத்துலயே சின்னதான அது மட்டும்தான் அங்க அடங்கும்.

தென்னை நார்க் கயிறு திரிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்ல. ஒத்தைப் புரியை விட முப்புரிக் கயிறு ஏன் தாங்கும்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த முறுக்கு உறுதியா நிக்க வைட்டமின் சி வேணும். நெல்லிக்காய், கொய்யா சாப்பிடச் சொல்றதுல இதுவும் ஒரு காரணம்.

எலும்புக்குள்ள ஒரு கிரேன்

தொடை எலும்போட மேல்பகுதியை நெடுக்கா வெட்டிப் பார்த்தா உள்ள கெட்டியா இருக்காது. மெல்லிசான எலும்புக் குச்சிகள் வலை மாதிரி ஓடும். 1866ல் ஸூரிச்ல உடற்கூறியல் பேராசிரியர் மேயர் இதைக் காட்டினப்போ, அங்க இருந்த இன்ஜினியர் கூல்மன் அசந்துட்டார். அவர் ஒரு கிரேனுக்கு வரைஞ்ச ஸ்ட்ரெஸ் கோடுகளும் இந்த வலையும் கிட்டத்தட்ட ஒண்ணு. லோடு எந்த வழியா இறங்குதோ அந்த வழியில மட்டும் எலும்பு மெட்டீரியல் போட்டிருக்கு. சுமை மாறினா எலும்பும் தன்னை மாத்திக்கும்னு 1892ல் ஜெர்மன் டாக்டர் வோல்ஃப் எழுதினார்.

எப்படி மாத்திக்கும்? உள்ள ரெண்டு கேங் வேலை செய்யுது. ஒண்ணு பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொண்ணு புதுசாக் கட்டும். எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கிற செல்கள் சென்சார் மாதிரி, எங்க சுமை அதிகம்னு சொல்லும். வருஷத்துக்கு சுமார் பத்துல ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுது. எடையே இல்லாத விண்வெளியில சுமை தாங்கும் எலும்புகள் மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரையுதுன்னா காரணம் இதுதான்.

எலும்புக்கு வேற வேலையும் இருக்கு. உள்ள இருக்கிற மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல சிவப்பணு தயாரிக்குது. உடம்போட கால்சியத்துல 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும்தான். இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்துல கால்சியம் எப்பவும் ஒரே அளவுல இருக்கணும். சாப்பாட்டுல வரலைன்னா கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து எடுத்துக் கொடுக்கும். நம்மகிட்ட சொல்லாமலே நடக்கிற வித்ட்ராயல்.

அப்பத்தாவுக்கு என்ன ஆச்சு?

மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும். கரைக்கிற கேங்கைக் கட்டுப்படுத்தி வைச்சிருந்தது அதுதான். அதனால கட்டுறதை விடக் கரைக்கிறது கூடிரும். முதல்ல போறது அந்த வலைக் குச்சிகள்தான். வெளிய ஒண்ணும் தெரியாது, வலிக்காது. ஒருநாள் வாசப்படி போதும்.

இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்ப நாள் தூங்க விடல. தொடை எலும்போட உருண்டைத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்து வழியா கீழ இருந்துதான் ஏறுது. கழுத்து முறிஞ்சு விலகினா அந்தக் குழாய்களும் அறுந்துரும். ரத்தம் போகாத எலும்பு கூடாது, செத்துப்போகும். கையில சின்ன விரிசல்னா அசையாம வைச்சாலே எலும்பு தானாக் கூடும். அதைப் பார்த்துத்தான் எல்லாத்துக்கும் கட்டுப் போதும்னு நம்புறோம். இங்க அந்தக் கணக்கு ஓடாது. பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதுவும் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள. படுத்தே கிடந்தா சளி கட்டும், படுக்கைப் புண் வரும், கால்ல ரத்தம் உறையும். நாங்க இழந்த நாலு நாளோட விலை அப்பத்தாவோட முதுகுல புண்ணா வந்தது. அது ஆறுறதுக்கு மூணு மாசம் ஆச்சு. உலோகத் தலை வைச்சு இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க.

நம்ம அக்கவுண்ட்

எலும்புச் சேமிப்புல பெரும்பகுதி 20 வயசுக்குள்ள முடிஞ்சிரும். மிச்சம் 30க்குள்ள. அப்புறம் எடுக்கிறது மட்டும்தான். நமக்கு இப்ப 18ல இருந்து 22. அதாவது கவுன்டர் மூடப் போற நேரம்.

பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. 100 கிராம் கேப்பையிலயே 300க்கு மேல இருக்கு. எள்ளு, முருங்கைக்கீரை, பால், முள்ளோட சாப்பிடுற நெத்திலிக் கருவாடு எல்லாம் இருக்கு. அது குடலில் ஏற வைட்டமின் டி வேணும், அதுக்கு வெயில் தோல்ல படணும். அப்புறம் சுமை. ஓடுங்க, குதிங்க, ஹாஸ்டல் மாடிப்படி ஏறுங்க. சிகரெட் எலும்பையும் அரிக்கும்.

கடைசியா ஒண்ணு. இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனா வாசப்படியும் பாத்ரூம் தரையும் வழுக்குதான்னு பாருங்க. தாத்தாவோ அப்பத்தாவோ விழுந்து, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தா யார் என்ன சொன்னாலும் அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்துருங்க. நாலு நாள் காத்திருக்காதீங்க.