றையோலைற்: பொன்னாசை எழுப்பிய நகரம்

நகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலோ, துறைமுகத்தை அடுத்தோ, வளமான வயல்களின் நடுவிலோ தோன்றுகின்றன. நீரும் நிழலும் அரிதான பாலையிலே, கல்லை நம்பி எழுந்த நகரமும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாநிலத்திலே, மரணப் பள்ளத்தாக்கின் அருகில் இருந்த றையோலைற் நகரமே அது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் ஒருவகைப் பாறையின் பெயரே அவ்வூருக்குப் பெயராயிற்று.

1904ஆம் ஆண்டிலே ஷோர்ட்டி ஹரிஸ், எட் குறொஸ் என்னும் இருவர் அப்பகுதிக் குன்றொன்றிலே பொன் கலந்த கல்லைக் கண்டனர். செய்தி பரவியதும் கூடாரங்கள் முளைத்தன. விரைவிலே கட்டடங்களும் எழுந்தன. 1906இல் புகையிரதம் வந்தது; 1907இல் மின்சாரம் வந்தது. செய்தித்தாள்கள், நாடக அரங்கு, பங்குச் சந்தை, மூன்று மாடி வங்கி என்பனவெல்லாம் அமைந்தன. மரம் கிடைத்தற்கரிய அவ்விடத்தில் ஒருவர் ஏறக்குறைய 50,000 வெறும் போத்தல்களை அடுக்கியே வீடொன்று கட்டினார்.

இத்தகைய நகரம் வீழ்ந்தது ஏன்? எடுத்த பொன்னிலும் பார்க்க, எடுக்கப்போகும் பொன்னே அங்கு மிகுதியாக விலைப்பட்டது. தலைமைச் சுரங்கமாகிய மொன்கொமெறி ஷோஷோனின் பங்கு ஒன்று 23 டொலர் வரை விலைபோயிற்று. 1907இல் நாடெங்கும் பணநெருக்கடி உண்டாகவே, முதலிடுவோர் கையை இழுத்துக்கொண்டனர். 1908இல் சிறு பங்காளர் சிலர் ஐயுற்று, பிரித்தானியப் பொறியியலாளர் ஒருவரைக்கொண்டு சுரங்கத்தை ஆராய்வித்தனர். அவருடைய அறிக்கை சாதகமாய் அமையவில்லை. ஏலவே 3 டொலருக்கு இறங்கியிருந்த பங்கு 75 சதமாயிற்று. 1911இல் சுரங்கம் மூடப்பட்டது. 1916இல் மின்னோட்டமும் நிறுத்தப்பட்டது. வெளியேறியவர்கள் தம் வீடுகளையும் பிரித்து, பலகைகளை அயலூர்களுக்குக் கொண்டுசென்றனர்.

பாடசாலையிலே வாழ்நாளைக் கழித்த என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்நகரத்தார் தம் பிள்ளைகளுக்கென இரண்டு மாடிப் பாடசாலையொன்றைச் சீமெந்தினாற் கட்டினர். 1909இல் அது நிறைவெய்தியபோது குடும்பங்கள் வெளியேறத் தொடங்கியிருந்தன. அதன் வகுப்பறைகள் ஒருபோதும் நிறையவில்லை.

இன்று போத்தல் வீடும், புகையிரத நிலையமும், வங்கியின் இடிந்த சுவர்களும், கூரையற்ற அப்பாடசாலையும் பாலைவெயிலில் நிற்கின்றன. பொன் தேடுதல் குற்றமன்று. ஒரே தொழிலை நம்பி, அதன் உண்மை நிலையை அளந்தறியுமுன் ஊரை எழுப்பியதே குற்றம். அளந்தறியும் அறிவு காலந்தாழ்த்தி வந்தது. அதற்குரிய விலையைப் பிள்ளைகளின் வெற்று வாங்குகளும் செலுத்தின.