நம் ஊர்க் காற்றை அளப்பது எப்படி?

1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து என்னும் மருத்துவர் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியம் தொடங்கினார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அப்பொழுது உலகில் எங்கும் இல்லை. ஓய்வு, சத்துள்ள உணவு, திறந்தவெளிக் காற்று ஆகிய மூன்றுமே சிகிச்சை. நெஞ்சு நோயாளிகள் காற்றுக்காகத் தேடி வந்த ஊராகத் தாம்பரம் அன்று இருந்தது. அந்தச் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ரயில் நிலையத்தின் பெயரிலும் அது நிலைத்துவிட்டது.

அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தெற்கே இருப்பது இரும்புலியூர். சென்னைப் புறவழிச்சாலை ஜி.எஸ்.டி. சாலையைச் சந்திப்பது இங்கேதான். தென் மாவட்டங்களுக்குச் செல்லும் லாரிகளும் பேருந்துகளும் கார்களும் இரவு பகலாக இவ்வழியே ஓடுகின்றன. பக்கத்திலேயே ரயில் பாதை. சற்றுத் தள்ளி ஏரி. அதற்கும் அப்பால் வண்டலூர்க் காடு.

இந்த ஊரின் காற்று இப்பொழுது எப்படி இருக்கிறது? “மோசம்” என்பார் சாலையோரம் கடை வைத்திருப்பவர். “ஒன்றும் குறையில்லை” என்பார் ஏரிக்கரையில் வீடு கட்டியவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அறிவியலுக்கு அபிப்பிராயம் போதாது; அளவு வேண்டும். அளவு கிடைத்தபின்னும் நான்கு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: எதை அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? எங்கே அளந்தார்கள்? எப்பொழுது அளந்தார்கள்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எதை அளப்பது?

இந்தியாவில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. 2009-ஆம் ஆண்டு வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகள் பன்னிரண்டு பொருள்களுக்கு எல்லை வகுத்துள்ளன. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, பென்சீன், காரீயம் முதலியவை அவற்றுள் அடங்கும். ஆயினும் நம் ஊர்களில் பெரும்பாலும் எல்லை மீறுபவை மிதக்கும் துகள்களே.

துகள்களை அளவைக் கொண்டு பிரிக்கிறார்கள். 10 மைக்ரான் வரை குறுக்களவுள்ளவை பி.எம். 10 எனப்படும், 2.5 மைக்ரான் வரை உள்ளவை பி.எம். 2.5. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அளவு ஏன் இத்தனை முக்கியம்? கல்லூரியில் படிக்கும் ஸ்டோக்ஸ் விதி இதற்கு விடை தருகிறது. விழும் துகளின் முற்று வேகம் அதன் குறுக்களவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீரின் அடர்த்தியுள்ள ஒரு துகள் அசையாத காற்றில் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அது 100 மைக்ரான் துகளானால் ஒரு நிமிடத்திற்குள் தரை சேரும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கோ ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும்! உண்மையில் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் அது நாள்கணக்கில் மிதந்து திரியும்.

நம் மூக்கும் தொண்டையும் பெரிய துகள்களைத் தடுத்துவிடுகின்றன. நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப் பைகள் வரை செல்கின்றன. கண்ணை உறுத்தும் புழுதியைவிடக் கண்ணுக்குத் தெரியாத புகைத்துகளே அதிகக் கேடு செய்வது இதனால்தான்.

எப்படி அளப்பது?

அடிப்படை முறை மிக எளிது. ஒரு வடிதாளை எடை போட்டு, அதன் வழியே காற்றை இழுத்து, மீண்டும் எடை போட வேண்டும். எடை மிகுதியைக் காற்றின் கன அளவால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஓர் உதாரணம். கருவி நிமிடத்திற்கு 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. எட்டு மணி நேரத்தில் 528 கன மீட்டர் காற்று வடிதாளைக் கடக்கும். தாளின் எடை 66 மில்லிகிராம் கூடியிருந்தால், ஒரு கன மீட்டரில் 125 மைக்ரோகிராம் துகள் இருந்தது என்று பொருள். 66 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஒரு துளி நீரின் எடைதான். வடிதாள் ஈரத்தை உறிஞ்சினாலே கணக்கு கெட்டுவிடும். எனவே எடை போடுமுன் இருமுறையும் தாளை ஒரே ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும்.

தானியங்கி நிலையங்களில் வேறு உத்தி. வடிதாள் நாடாவின் ஒரு பக்கத்தில் கார்பன்-14 போன்ற கதிரியக்கப் பொருளும், மறுபக்கத்தில் உணர்கருவியும் இருக்கும். நாடாவில் தூசு படியப் படிய, ஊடுருவி வரும் பீட்டா கதிர் குறையும். அந்தக் குறைவிலிருந்து மணிக்கு மணி தூசின் நிறையைக் கணக்கிடலாம். வாயுக்களுக்குத் தனித்தனி முறைகள் உண்டு. கார்பன் மோனாக்சைடு, அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவால் அறியப்படுகிறது.

இப்பொழுது உள்ளங்கையில் அடங்கும் மலிவான கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. இவை துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளியைத் துகள்கள் சிதறடிப்பதை வைத்து எடையை ஊகிக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை ஏற்றுப் பருத்து, ஒளியை அதிகம் சிதறடிக்கும். சென்னைப் பக்கத்தில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டும். அந்நேரத்தில் இக்கருவி காட்டும் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஒரே கருவியைக் கொண்டு இரண்டு தெருக்களை ஒப்பிட அது உதவும். சட்டப்படியான எல்லை மீறப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல உதவாது.

குறியீட்டெண் சொல்வதும் சொல்லாததும்

செய்தித்தாளில் நாம் காணும் காற்றுத் தரக் குறியீட்டெண் 2015 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே ஓர் எண் கணக்கிட்டு, அவற்றுள் மிகப் பெரியதையே ஊரின் எண்ணாக அறிவிக்கிறார்கள். சராசரி எடுப்பதில்லை.

ஒரு நாளின் பி.எம். 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்றால் அதன் எண் 100. 90 மைக்ரோகிராம் என்றால் 200. எனவே 75 மைக்ரோகிராமுக்கு எண் 150 ஆகும். அன்றே பி.எம். 10-இன் எண் 127, நைட்ரஜன் டை ஆக்சைடின் எண் 50 என்று வைத்துக்கொள்வோம். ஊரின் குறியீட்டெண் 150 என்றே அறிவிக்கப்படும். சராசரி எடுத்திருந்தால் 109 என்று வந்திருக்கும். ஒரு வாயு குறைவாக இருப்பது, நுரையீரலில் ஏறிய துகளை ஈடுகட்டிவிடாதல்லவா?

101 முதல் 200 வரை உள்ள காற்று “மிதமானது” என்று வகைப்படுத்தப்படுகிறது. இச்சொல்லைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஆஸ்துமா, நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும், குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் மூச்சுச் சிரமம் ஏற்படலாம் என்பதே அவ்வகைக்கு அரசு தரும் விளக்கம். நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ள ஓர் ஊரில் இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பி.எம். 2.5-க்கு நம் நாட்டின் 24 மணி நேர எல்லை 60 மைக்ரோகிராம்; ஆண்டுச் சராசரி எல்லை 40. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவுகளோ முறையே 15, 5. “எல்லைக்குள் இருக்கிறது” என்று யாரேனும் சொன்னால், எந்த எல்லைக்குள் என்று கேளுங்கள்.

எங்கே அளப்பது?

சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி முதலிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் உள்ளன. தெற்கே வண்டலூரில் கிரசன்ட் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நிலையம் உண்டு. “செங்கல்பட்டு” என்ற பெயரில் வெளிவருவது அதன் எண்ணே. அந்த எண் தவறானதன்று. ஆனால் அது அந்த இடத்துக் காற்றின் எண். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள இரும்புலியூர்ச் சந்திப்பின் காற்றுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பி.எம். 2.5-இன் மொத்த நிறை ஒரு வட்டாரம் முழுவதும் ஓரளவு ஒன்றுபோலவே இருக்கும். தொலைவிலிருந்து வந்து கலக்கும் துகளும் அதில் பெரும் பங்கு என்பதே காரணம். மாறாக, வண்டிகள் கக்கும் கரிப்புகை, நைட்ரஜன் ஆக்சைடுகள், மீநுண் துகள்கள் ஆகியவை சாலையோரத்தில் உச்சத்தில் இருந்து, முதல் 150 முதல் 300 மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. ஆகவே நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டுக்கும், இரண்டு தெரு உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கும் குறியீட்டெண் ஒன்றாக இருக்கலாம். சுவாசிக்கும் புகை ஒன்றாக இராது.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். நிலையங்களின் உறிஞ்சு குழாய் பொதுவாகத் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் அமையும். பேருந்துக்குக் காத்து நிற்கும் பள்ளிக் குழந்தையின் மூக்கு ஒரு மீட்டர் உயரத்தில், வண்டிகளின் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கிறது.

எப்பொழுது அளப்பது?

மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவுகளில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருப்பது வெப்பமான காற்று. இதனை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பர். குளிர்ந்த காற்று மேலெழ இயலாததால், பானைக்கு மூடி போட்டாற்போலப் புகை அடியிலேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகே மூடி திறக்கும். அதே அளவு சருகை விடியற்காலையில் எரிப்பதற்கும் நண்பகலில் எரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

போகியன்று பழைய பொருள்களை எரிப்பது விடியற்காலையில் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2018 ஜனவரி 13-ஆம் நாள் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் பார்வைத் தொலைவு குன்றியது. விமானங்கள் பல தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அந்த விமான நிலையம் தாம்பரத்திற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

கோடையில் கடற்காற்று காற்றைக் கலக்கிவிட்டு உதவுகிறது. கடலிலிருந்து இரும்புலியூர் சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் அது இங்கு வந்து சேரக் காலதாமதமாகும். வழியில் உள்ளதையும் அது சுமந்து வரும். 2022 ஏப்ரல் 27-இல் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பல நாள் புகைந்தது. அத்தகைய நாள்களில் கடற்காற்று தூய்மையை மட்டும் கொண்டுவருவதில்லை.

கையால் இயக்கும் நிலையங்களில் பொதுவாக வாரத்திற்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளப்பார்கள். எஞ்சிய 261 நாள்களில் நடப்பது பதிவாகாது. ஆண்டுச் சராசரி சிறியதாக இருந்தாலும், சில நாள்கள், சில மணி நேரங்கள் கொடியவையாக இருக்கக்கூடும்.

மாணவர்கள் செய்யத்தக்க ஓர் ஆய்வு

விலையுயர்ந்த கருவி இல்லாமலும் சில உண்மைகளைக் கண்டறியலாம். ஆறு கண்ணாடி வில்லைகளில் மெல்லியதாக வாசலைன் தடவுங்கள். ஐந்தினைப் பெருஞ்சாலையிலிருந்து 10, 50, 100, 200, 400 மீட்டர் தொலைவுகளில், ஒரே உயரத்தில், மழை படாதவாறு 24 மணி நேரம் வையுங்கள். ஆறாவதை மூடியே வையுங்கள், அது ஒப்பீட்டுக்கு. பிறகு நுண்ணோக்கியில் ஒவ்வொரு வில்லையிலும் பத்து இடங்களில் துகள்களை எண்ணிக் கூட்டுங்கள். மூடிய வில்லையின் எண்ணிக்கையைக் கழித்து, தொலைவுக்கு எதிரே வரைபடம் வரையுங்கள்.

நூறு துகள் எண்ணினால், ஏறத்தாழ அதன் வர்க்கமூலமான பத்து வரை தற்செயலாகவே கூடலாம், குறையலாம். ஆகையால் 100-க்கும் 108-க்கும் வேறுபாடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது. 100-க்கும் 200-க்கும் உள்ள வேறுபாடு மெய்யானது. மூன்று நாளாவது திரும்பச் செய்யுங்கள்; ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கட்டும்.

இம்முறை பெரிய துகள்களையே பிடிக்கும், பி.எம். 2.5-ஐ அளக்காது. சாலைப் புழுதி எதுவரை வருகிறது என்பதைக் காட்டும், அவ்வளவே. இத்துடன் ஒரு குறிப்பேடு வையுங்கள். எங்கே குப்பை எரிந்தது, எத்தனை மணிக்கு, காற்று எப்பக்கம் வீசியது என்று ஒரு மாதம் எழுதி வந்தால், புகையின் மூலத்தையும் நேரத்தையும் அதுவே சுட்டிக்காட்டும். ஒரு கம்பத்தில் கட்டிய நூலே காற்றின் திசையைச் சொல்லப் போதுமானது.

இத்தகைய பதிவுக்குப் பயன் உண்டு. திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. “எங்கள் தெருவில் புகை அதிகம்” என்ற மனுவைவிட, “இந்த மாதத்தில் இத்தனை நாள், இந்த இடத்தில், காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எரிக்கப்பட்டது” என்ற மனு மாநகராட்சியில் வலுவாகப் பேசும். பள்ளியின் வாயிலை நெடுஞ்சாலைப் பக்கம் வைப்பதா, பின்தெருவில் வைப்பதா என்பதையும், குழந்தைகள் பெருஞ்சாலை வழியே நடப்பதா, நூறு மீட்டர் உள்ளே உள்ள தெரு வழியே நடப்பதா என்பதையும் இந்த வரைபடத்தைப் பார்த்தே தீர்மானிக்கலாம். அடுத்த அளவீட்டு நிலையம் எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்கவும் இதுவே ஆதாரமாகும்.