பழைய அடுக்குமாடிகளும் குளிர்காலமும்: வெப்பத்திற்கு விலை கொடுப்பது யார்?



மார்கழிக் குளிருக்கு நமக்கு ஒரு கம்பளியும் ஒரு குவளை சூடான காப்பியும் போதும். ஆனால் நம் பங்குகளில் பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் வாழ்கிறார்கள். சனவரி மாத இரவில் அங்கே வெளிவெப்பம் உறைநிலைக்குக் கீழே பத்து பாகைவரை இறங்கிவிடும். அந்த ஊர்களில் வீட்டைச் சூடாக்குவது ஆடம்பரமன்று. சோறு, தண்ணீர் போன்ற தேவை. அதனால்தான் நியூயார்க் நகரச் சட்டம் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டு உரிமையாளர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது: வெளியே ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால், பகலில் வீட்டுக்குள் 20 பாகையாவது இருக்க வேண்டும், இரவில் வெளிக்குளிர் எப்படியிருந்தாலும் ஏறக்குறைய 17 பாகையாவது இருக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் துயரங்கள் நடக்கின்றன. 2022ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1972இல் கட்டப்பட்ட 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. ஒரு வீட்டில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மின் ஹீட்டரே காரணம் என்று தீயணைப்புத் துறை அறிவித்தது. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவு மூடாமல் நின்றுவிட, புகை படிக்கட்டு வழியாக மேலேறியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களுள் 8 பேர் சிறுவர் சிறுமியர். காம்பியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர் பலர் அவர்களில் இருந்தனர். கட்டடத்தின் பொது வெப்ப அமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது என்றார்கள் அதிகாரிகள். அப்படியிருந்தும் ஒரு குடும்பம் தனியாக ஒரு ஹீட்டரையும் ஓடவிட்டிருந்தது. இதை எண்ணிப் பார்த்தால், பழைய கட்டடங்களின் வெப்பப் பிரச்சினை புகையையும் பருவநிலையையும் பற்றியது மட்டுமன்று என்பது விளங்கும்.

இந்தக் கட்டடங்களில் வெப்பம் எப்படி வருகிறது? அடித்தளத்தில் ஒரு பெரிய கொதிகலன் இருக்கும். அதில் எண்ணெயோ எரிவாயுவோ எரிந்து நீரை நீராவியாக்கும். நீராவி குழாய்கள் வழியாக ஏறி, அறைதோறும் சன்னலுக்கடியில் இருக்கும் இரும்பு ரேடியேட்டரைச் சூடாக்கிவிட்டு, நீராகிக் கீழே திரும்பும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காற்றோட்டமே நோய்க்கு மருந்து என்ற எண்ணம் வலுத்திருந்தது. ஆகவே கடுங்குளிரிலும் சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள் என்று கணக்கிட்டே பல கொதிகலன்களைப் பெரிதாக அமைத்தார்கள். விளைவு என்ன? ஒரு வீட்டில் தாங்க முடியாத வெக்கை. அங்கே பனிக்காலத்தில் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். மற்றொரு வீட்டில் பாட்டி இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறார். சூடான காற்று மேலே ஏறுவதால், கீழ்மாடிகள் குளிர்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலன் என்பதால், தன் அறைக்கு வேண்டிய அளவைக் குடியிருப்பவர் தாமே முடிவு செய்ய இயலாது.

எரிபொருளின் கதை இன்னும் மோசமானது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் தார் போன்ற கனரக எண்ணெயை நியூயார்க்கில் ஏறக்குறைய 10,000 கட்டடங்கள் எரித்துவந்தன. நகரக் கட்டடங்களில் இவை நூற்றுக்கு ஒன்றுதான். ஆனாலும் நகரின் கார்களும் லாரிகளும் சேர்ந்து கக்கிய கரித்துகளைவிட இவை கக்கியது அதிகம் என்று நகராட்சி கணக்கிட்டது. 2011இல் வந்த விதியால் 'ஆறாம் எண்' எண்ணெய் 2015க்குள் ஒழிந்தது. சற்றே இலகுவான 'நான்காம் எண்' எண்ணெய்க்கு 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை கெடு தரப்பட்டது. 2019இல் நிறைவேறிய 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் அது உச்சவரம்பு வைத்தது. மீறினால் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம்.

அப்படியானால் மாற்று என்ன? 'வெப்ப பம்பு' என்கிறார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குத் தெரிந்ததே. நம் வீட்டு ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறதல்லவா? அதைத் திருப்பி ஓடவிட்டால் வெளியிலிருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே சேர்க்கும். உறையும் குளிர்காற்றில் ஏது வெப்பம் என்று கேட்கலாம். அதிலும் உண்டு, அதைவிடக் குளிர்ந்த திரவத்தைக் குழாயில் ஓடவிட்டால் அந்த வெப்பத்தைப் பிடித்துவிடலாம். சாதாரண மின் ஹீட்டர் ஒரு பங்கு மின்சாரத்தை வாங்கி ஒரு பங்கு வெப்பம் தரும். வெப்ப பம்பு அதே மின்சாரத்தில் இரண்டு மூன்று பங்கு தரும்.

ஆனால் ஆயிரம் பேர் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் சுவரை உடைத்து, குழாய் மாற்றி, புதிய மின்கம்பி இழுப்பது பெரும்பாடு. இங்கேதான் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் எனக்குப் பிடித்த ஒரு காரியம் செய்தது. சந்தையில் இருப்பதை வாங்காமல், தனக்கு வேண்டியதைச் செய்துதரும்படி உற்பத்தியாளர்களுக்கே சவால் விட்டது: சன்னலில் பொருத்த வேண்டும், சாதாரண பிளக்கில் ஓட வேண்டும், சில மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும். 2022இல் இரு நிறுவனங்களிடம் 7 கோடி டாலர் செலவில் 30,000 கருவிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2023இல் குயின்ஸ் பகுதியின் உட்சைட் குடியிருப்பில் 24 வீடுகளில் பொருத்திப் பார்த்தார்கள். வெப்பத்துக்கான எரிசக்தி எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக ஆணையம் தெரிவித்தது. குடியிருப்பவர் தம் அறையின் வெப்பத்தைத் தாமே கூட்டிக் குறைக்கிறார். கோடையில் அதே கருவி குளிர்ச்சியும் தருகிறது.

கருவியை மாற்றுவதற்கு முன், கட்டடத்திலிருந்து வெப்பம் கசிவதை நிறுத்துவது அறிவுடைமை. 1931இல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏறக்குறைய 6,500 சன்னல்களைக் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்துச் செப்பனிட்டு மாட்டினார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் தகடுகளையும் வைத்தார்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் முதியோருக்கான 18 மாடிக் கட்டடம் ஒன்று உண்டு, 1967இல் கட்டியது. கென் சோபிள் கோபுரம் என்று பெயர். அதற்கு வெளியே கம்பளி போர்த்தியதுபோல் புதிய சுவர்ப் போர்வை, மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள், புதிய காற்றோட்ட வசதி எல்லாம் கொடுத்தார்கள். 2021இல் மக்கள் குடியேறினார்கள். ஒரு வீட்டைச் சூடாக்க மூன்று குண்டு பல்பு எரியும் மின்சாரம் போதும் என்ற நிலை வந்தது. ஆனால் அந்த வேலை ஆளில்லாக் கட்டடத்தில் நடந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆள் குடியிருக்கும் கோபுரத்தில் அப்படிச் செய்வது வேறு கதை.

நிலத்தடி வெப்பத்தையும் பயன்படுத்தலாம். நியூயார்க்கின் தூய பாட்ரிக் பேராலயம் 2017 முதல் அவ்வாறே இயங்குகிறது. 2,200 அடிவரை ஆழமான 10 கிணறுகளைத் தோண்டியிருக்கிறார்கள். சுற்றிலும் இடமுள்ள ஆலயத்துக்கு அது முடிந்தது. நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்புகளில் பலவற்றுக்குத் துளையிடும் இயந்திரத்தை நிறுத்தவே இடமில்லை.

எனக்கு மிகவும் உறுத்தும் கேள்வி பணத்தைப் பற்றியது. பழைய நீராவி முறையில் எண்ணெய்ச் செலவு உரிமையாளருடையது. வீட்டுக்கு வீடு வெப்ப பம்பு வைத்து, அதைக் குடியிருப்பவரின் மின்மீட்டரில் இணைத்துவிட்டால் அந்தச் செலவு சத்தமில்லாமல் ஏழையின் தலைக்கு மாறிவிடும். காற்று தூய்மையாகும், ஆனால் கட்டணத்துக்கு அஞ்சி கருவியை அணைத்துவிட்டுக் குளிரில் படுப்பார்கள். நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றில் மின்கட்டணம் தனியே வசூலிக்கப்படுவதில்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. தனியார் கட்டடங்களில் அப்படியன்று.

இது நம் தமிழ் மக்களையும் தொடுகிறது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து டொரண்டோ சென்றவர்களில் பலர் முதலில் தங்கியது செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற அறுபதுகளின் கோபுரங்களில்தான். ஒண்டாரியோ மாநிலச் சட்டப்படி, தகுதியான பெரிய சீரமைப்புச் செலவுக்காக உரிமையாளர் வழக்கமான வரம்புக்கு மேல் வாடகை உயர்த்த விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் மூன்று ஆண்டுகள்வரை கிடைக்கும். புதிய சன்னலும் வெப்ப அமைப்பும் வாடகைச் சீட்டில் வந்து நிற்க வழி இருக்கிறது.

ஆகவே உங்கள் பிள்ளைகளோ உறவினரோ இத்தகைய கட்டடத்தில் இருந்து, அங்கே வேலை தொடங்கப்போகிறது என்று தொலைபேசியில் சொன்னால், குடியிருப்போர் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். மின்சாரம் யார் மீட்டரில் ஓடும்? பழைய மின்கம்பி அந்தப் பளுவைத் தாங்குமா? வேலை நடக்கும் குளிர்காலத்தில் இடைக்கால வெப்பத்துக்கு என்ன ஏற்பாடு? வாடகை எவ்வளவு ஏறும்? இவற்றுக்கான பதிலை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். படிக்கட்டுக் கதவும் வீட்டுக் கதவும் தானாக மூடிக்கொள்கின்றனவா என்பதை அவர்கள் இன்று மாலையே பார்த்துக்கொள்ளலாம்.