காகிதத்துக்கு எழுத்து கொடுத்தவர்

கத்தரிக்கோல் கூடாது, பசை கூடாது, ஒரு சதுரத் தாள் போதும். ஓரிகாமியின் சட்டம் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பழைய ஜப்பானில் இவ்வளவு கறார் இருந்ததில்லை. 1797-ல் கியோட்டோவில் வெளியான ‘ஹிதென் சென்பாசுரு ஒரிகாதா’ நூலின் 49 கொக்குக் கூட்டங்களும் தாளில் ஆங்காங்கே வெட்டுப் போட்டு மடித்தவை. ஒரே தாள்தான், ஆனால் சிறகோடு சிறகு ஒட்டிப் பல கொக்குகள்! எங்கே வெட்ட வேண்டும் என்று அதில் கோடு இருக்கிறது. மடித்து முடித்த கொக்குகளின் படமும் இருக்கிறது. நடுவில் விரல்கள் செய்ய வேண்டிய வேலையைத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

அந்த ஆள் இல்லாமலேயே கற்றுக்கொள்ள வழி செய்தவர் அகிரா யோஷிசாவா. 1911-ல் தொச்சிகி மாகாணத்தில் பிறந்தவர். டோக்கியோவில் தொழிற்சாலை வேலை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஜியோமெட்ரி சொல்லித்தரும் பொறுப்பு வந்தபோது, தாளை மடித்தே கோணங்களை விளக்கினார். 1937-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மடிப்பிலேயே இறங்கினார். சோறு போட்டது அதுவல்ல; சோயா சாஸில் சுண்டக் காய்ச்சிய ட்சுகுதானி என்ற தொடுகறியை வீடு வீடாக விற்ற காசு.

விடிவு வந்தது ஒரு பத்திரிகையால். (எங்கள் தொழிலுக்கு இப்படிப் பெருமைப்பட எப்போதாவதுதான் வாய்க்கிறது.) ‘அசாஹி கிராஃப்’ கேட்டுக்கொண்டபடி ஜப்பானிய ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளையும் மடித்துக் கொடுத்தார். 1952-ல் அந்தப் படங்கள் வெளிவந்ததும் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

1954-ல் வந்த அவருடைய நூல் அதைவிடப் பெரிய காரியம். அதில் அவர் தந்த குறியீடு இதுதான்: உள்ளே மடிக்க விட்டுவிட்டு வரும் கோடு, பின்னால் மடிக்க கோடும் புள்ளியும், தாள் போகும் திசைக்கு அம்புக்குறி. அவ்வளவுதான். பாட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எப்படியோ, மடிப்புக்கு இது அப்படி. அமெரிக்கர் சாமுவேல் ராண்ட்லெட்டும் பிரிட்டனின் மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹார்பினும் பிறகு இதைச் செப்பனிட்டார்கள். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவரும் ஜப்பானியப் புத்தகத்தை விரித்து வைத்துத் தவளை செய்ய முடிவது இந்தக் கோடுகளால்தான்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய உச்சமான படைப்புகள் இந்தக் குறியீட்டுக்குள் முழுதாக அடங்காதவை. சற்றுக் கனமான தாளை லேசாக ஈரப்படுத்தி மடிப்பது அவர் கண்டுபிடித்த முறை. ஈரத்தில் தாளின் பசைத்தன்மை இளகும். காய்ந்ததும் வளைத்த வளைவு அப்படியே இறுகி நிற்கும். அவருடைய கொரில்லாவின் கூன் விழுந்த தோளைப் பாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினார் என்பதை எந்தப் புள்ளிக்கோடு சொல்லும்? வாழ்நாளில் 50,000-க்கும் மேல் மடித்திருப்பார் என்று ஒரு கணக்கு. வரைபடமாகக் கிடைப்பவை சில நூறுதான். ஒன்றைக்கூட அவர் விலைக்கு விற்றதில்லை என்கிறார்கள்.

1955-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தன. குழந்தை விளையாட்டு என்று கருதப்பட்டது கலைக்கூடத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். மடிப்பு பிறகு விண்வெளிக்கும் போனது. ஆனால் அது வேறொருவருடையது: விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியுராவின் மடிப்புமுறை 1995-ல் ஒரு ஜப்பானியச் செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் சோதிக்கப்பட்டது.

யோஷிசாவா 2005 மார்ச் 14 அன்று, தன் 94-வது பிறந்தநாளில் காலமானார். 2012-ல் அதே தேதியில் கூகுள் தன் பெயரையே மடித்த காகிதத்தில் காட்டியது. அதை வடிவமைத்த ராபர்ட் லாங் ஒரு இயற்பியலாளர். லேசர் ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் காகிதம் மடிக்க வந்தவர்.