டைனிங் டேபிள் ஆபீஸ்: முதுகும் போகுது, கரண்டும் போகுது!

சென்னையில் போர்டு மாட்டாத ஆபீஸ்கள் பெருகிக் கிடக்கின்றன.

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி பிளாட். பெரம்பூரில் ஒண்டுக்குடித்தன மாடி. நங்கநல்லூரில் தாத்தா கட்டிய திண்ணை வீடு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு லேப்டாப், காதில் ஹெட்போன், கூன் விழுந்த முதுகோடு ஓர் ஆசாமி!

2020 மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு போட்டார்கள். மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. அப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் ஏராளம். "இரண்டு வாரம்தானே" என்று சாப்பாட்டு மேஜையில் ஓரமாக இடம் பிடித்தார்கள்.

வாரம் மாதமாச்சு. மாதம் வருஷமாச்சு. 2023 அக்டோபரில் டி.சி.எஸ். கம்பெனி வாரம் 5 நாளும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு நேரமும் வீட்டிலேயே பார்ப்பவர்களும் உண்டு. மேஜை மட்டும் மாறவில்லை. அதே டைனிங் டேபிள். அதே பிளாஸ்டிக் நாற்காலி. சாம்பார் கறை ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம்!

வீட்டில் வேலை என்பது நமக்குப் புதுசா? இல்லை. மயிலாப்பூர் வக்கீல்கள் வீட்டு முன் அறையிலேயே கட்சிக்காரர்களைப் பார்த்தவர்கள்தான். சௌகார்பேட்டையில் மெத்தையில் சம்மணம் போட்டு, சரிவு மேஜையில் கணக்கு எழுதினார்கள். தையல்காரர், அப்பளம் இடும் அம்மா, எல்லாருக்கும் வீடுதான் ஆபீஸ். ஆனால் அவர்கள் நடுநடுவே எழுந்தார்கள், நடந்தார்கள், வெற்றிலை போட்டார்கள். இன்றைக்கு லேப்டாப்காரர் 9 மணி நேரம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் வினை.

4 அங்குலத்தில் இருக்கிறது வம்பு

ஒரு டேப்பை எடுத்து உங்கள் சாப்பாட்டு மேஜையை அளந்து பாருங்கள். தரையிலிருந்து 30 அங்குலம் இருக்கும். நாற்காலியின் உட்காரும் பலகை சுமார் 17 அங்குலம். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள பெண் அதில் உட்கார்ந்தால், முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 26 அங்குலத்தில் நிற்கும். மேஜை அதற்கு மேல் 4 அங்குலம்!

கை டைப் அடிக்க வேண்டுமானால் தோளைத் தூக்கித்தான் ஆகவேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தோளைத் தூக்கியே வைத்திருந்தால் கழுத்து என்ன ஆகும்? ராத்திரி தைலம் தேய்க்கிற வீட்டில் கேட்டால் தெரியும்.

மேஜைக் காலை அறுக்க வேண்டாம். நாற்காலியில் 3 அல்லது 4 அங்குலம் கெட்டியான குஷன் போட்டு உயருங்கள். இப்போது கால் தரையில் எட்டாது. காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போடுங்கள். கல்யாணத்துக்கு வாங்கி பரணில் போட்ட மணை சும்மாதானே கிடக்கிறது! பாதம் தட்டையாகப் பதிய வேண்டும். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரவேண்டும். கீழ் முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் அதுவே பெரிய உபகாரம்.

அடுத்தது லேப்டாப். இந்த மெஷினை உண்டாக்கினவர்கள் திரையையும் கீபோர்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். கை சரியான இடத்தில் இருந்தால் கழுத்து குனியும். கழுத்து நிமிர்ந்தால் கை உயரும். ஒன்றுக்கு ஒன்று பகை. இதற்கு வழி, லேப்டாப்புக்கு அடியில் புத்தகத்தை அடுக்கித் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனிக் கீபோர்டும் மவுசும் வாங்கிப் போடுவதுதான். முன்னே என்றால் டெலிபோன் டைரக்டரி போதும், தலையணை மாதிரி இருக்கும். இப்போது பையனின் நீட் கைடு இருக்கிறதே! திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கீபோர்டும் மவுசும் ரிச்சி தெருவில் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். கையில் காசு இருந்தால் மேஜையில் போடாதீர்கள், நாற்காலியில் போடுங்கள். உயரம் ஏற்றி இறக்குகிற நாற்காலியாக, முதுகுத் தாங்கல் உள்ளதாக இருக்க வேண்டும். ஆபீஸ்கள் காலி செய்யும்போது கழித்துவிட்ட நாற்காலிகள் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் படம் பார்த்து வாங்கிவிட்டு, ஒரு மாதத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் கதை இந்த ஊரில் நிறைய உண்டு.

கட்டில்மேல் சாய்ந்தபடி வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையில் லேப்டாப்பை அமுக்கி வைத்தால் அடியில் உள்ள காற்று ஓட்டை அடைபடும். சூடு வெளியே போக வழியில்லை. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் மோசம்.

ஒரே பெட்டியில் எல்லாமா?

முதுகு வலித்தால் நாளாகும். கரண்ட் அடித்தால் நாளாகாது.

எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று ஒன்று எல்லார் வீட்டிலும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. சுவரில் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். நம் வீட்டு மின் அழுத்தம் 230 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 1,380 வாட். அவ்வளவுதான் அதற்குச் சக்தி. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் அது தாராளம். ஆனால் அதே பெட்டியில் 1,500 வாட் தண்ணீர் கெட்டிலைச் சொருகினால்? அவசரத்துக்கு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் கூடச் சொருகினால்? ஒயர் சூடேறி இளகும். பொசுங்கின வாடை வந்தபிறகு ஓடிவந்து பிடுங்குவார்கள். சில வீட்டில் அந்த வாடையை மோந்து பார்க்க ஆள் இருக்காது.

கெட்டில், இஸ்திரி, ஹீட்டர் எல்லாம் 16 ஆம்பியர் பெரிய பாயின்டில்தான் போகவேண்டும். கம்ப்யூட்டருக்குத் தனிப் பாயின்ட். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள்ளாக்குகிற கெட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த முள்தான் எர்த். அதை வெட்டினால் உயிருக்கு வைத்த காவலை வெட்டியதாக அர்த்தம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கரண்ட் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் சப்ளையை வெட்டிவிடும் பொருள் அது. பழைய வாடகை வீடுகள் பலவற்றில் கிடையாது. வீட்டுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

கரண்ட் போனால் சம்பளமும் போகுமா?

பராமரிப்பு மின்தடை என்று காலை 9 மணி முதல் பகல் 2 மணி வரை நிறுத்துவார்கள். ஏரியா பெயரை முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள். அதைப் படிக்காதவர் பாடுதான் திண்டாட்டம். மானேஜர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது முகம் உறைந்து போகும்!

கரண்ட் போனவுடன் நெட்டும் போவது ஏன்? பைபர் ஒயரில் கரண்ட் கிடையாது, ஒளிதான் ஓடுகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அதற்கென்றே 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். உள்ளங்கை அளவுதான். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் சின்ன மின்தடையை இதைக் கொண்டே ஓட்டிவிடலாம். தெருமுனைப் பெட்டிக்கும் கரண்ட் போய்விட்டால் இது உதவாது. அப்போது போனில் ஹாட்ஸ்பாட்தான் கதி. அந்த சிம், வீட்டு நெட் கம்பெனியாக இல்லாமல் வேறு கம்பெனியாக இருந்தால் புத்திசாலித்தனம்.

பெரிய இன்வெர்ட்டர் வைக்கிறவர்கள் கணக்குப் போட்டு வாங்கட்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட் மணி. கையில் கிடைப்பது 1,200 என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி 75 வாட், குழல் விளக்கு 20, லேப்டாப் 60, நெட் பெட்டி 10. மொத்தம் 165 வாட். ஏழு மணி நேரம் தாங்கும். பகல் 2 மணி வரை கவலை இல்லை.

ஆனால் அந்தப் பேட்டரியை எங்கே வைக்கிறார்கள்? கட்டிலுக்கு அடியில்! சில வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே! ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கும் வாயு. மேலே குத்துவிளக்கு எரிந்தால் யோசித்துப் பாருங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். தரைத்தள வீட்டுக்காரர்கள் உயரமான ஸ்டாண்டில் வைப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை மறக்க முடியுமா?

பில்லைப் பார்த்து மயக்கம்

வீட்டில் வேலை பார்ப்பதால் பஸ் காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்கள் இரண்டு மாத கரண்ட் பில் வந்ததும் முகம் வெளுத்தார்கள். திருடன் லேப்டாப் இல்லை, ஏ.சி.!

இரண்டு மாதத்தில் 44 வேலை நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்று வைப்போம். 60 வாட் லேப்டாப் தின்பது 21 யூனிட். பழைய 75 வாட் மின்விசிறி 26 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி என்றால் பத்தரை யூனிட்தான். ஒரு டன் ஏ.சி. மணிக்கு முக்கால் யூனிட் முதல் ஒரு யூனிட் வரை இழுக்கும். கணக்கு 264-லிருந்து 352 யூனிட் வரை ஏறுகிறது. அப்பளம் மாதிரி நொறுங்குகிறது பட்ஜெட்!

அதனால் மேஜை போடும் இடத்தைப் பார்த்துப் போடுங்கள். மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். பிற்பகல் வெயிலில் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். கிழக்கு ஜன்னல் இருந்தால் கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எட்டிப் பார்க்கும். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் 20 அடி தள்ளி ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள். எதிர்வீட்டு முருங்கைமரம் போதும்.

வீட்டில் ஆபீஸ் வைத்தால் கடைக் கட்டணம் போட்டுவிடுவார்களோ என்று சிலருக்குப் பயம். மின்கட்டண விதியில், தொழில்முறையாளர்கள் தங்கள் வீட்டோடு சேர்ந்து 200 சதுர அடிக்குள் வைத்துக்கொள்ளும் ஆலோசனை அறையை வீட்டுக் கட்டணத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஆடிட்டரும் வக்கீலும் அறையை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

மிக்சி, மாமியார், மீட்டிங்

600 சதுர அடி பிளாட். கணவனுக்கும் மீட்டிங், மனைவிக்கும் மீட்டிங். ஹாலில் மாமியார் சீரியல். சமையலறையில் மிக்சி. தெருவில் குப்பை வண்டிப் பாட்டு. "பழைய இரும்பு, பேப்பர்" என்று ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு ஒரு தள்ளுவண்டி. அந்தப் பக்கம் கேட்பவர் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து பேசுகிறாரோ என்று நினைப்பார்!

வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட் வாங்கினால் பாதி இரைச்சல் அடங்கும். கனமான திரைச்சீலை எதிரொலியைக் குறைக்கும். இருவரும் ஒரே மேஜையில் உட்காருவது மட்டும் கூடாது. சண்டை வந்தால் நிருபர் பொறுப்பில்லை. நாற்காலி ஒன்றுதான் என்றால் அதில் யார் உட்காருவது? பெரும்பாலான வீட்டில் ஐயா நாற்காலியில், அம்மா கட்டிலில். இது அநியாயம். சமையல் முடித்துவிட்டு வந்து உட்காருகிற முதுகுக்குத்தான் நாற்காலி அதிகம் தேவை.

நெட் பெட்டியை டி.வி.க்குப் பின்னாலோ பரணிலோ ஒளித்து வைக்காதீர்கள். கான்கிரீட் சுவர் சிக்னலைத் தின்றுவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகம் அதிகம், சுவர் தாண்ட வலு குறைவு. சில நூறு ரூபாய்க்கு ஒரு லேன் ஒயரை இழுத்துச் சொருகிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஜன்னல் ஓரம் ஜாக்கிரதை

கடைசியாக ஒரு போலீஸ் சமாச்சாரம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து போட்டு, அதன் ஓரத்திலேயே லேப்டாப்பையும் போனையும் சார்ஜில் விட்டுத் தூங்குகிறார்கள். குச்சியை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டு போகிற கில்லாடிகள் இந்த ஊரில் உண்டு. தரைத்தள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கம்பிக்கு உள்ளே கொசுவலை அடித்து, ராத்திரியில் மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

லேப்டாப்பின் அடிப்பாகத்தில் சீரியல் நம்பர் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, வாங்கின பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது அது இல்லாமல் விழிக்கக் கூடாது. கம்பெனி லேப்டாப் திருட்டுப் போனால் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். உள்ளே இருப்பது அவர்கள் கணக்கு வழக்கு.