ஒன்பது நாள் கேமரா ஆஃப்: பனி ஊர்ல போய் பாடம் நடத்துறது எப்படி இருக்கும்?

வழக்கம்போல பெரம்பூர்ல, எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல இருந்து பேசறேன். பின்னாடி ட்ரெயின் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எடிட்ல எவ்வளவு வெட்டினாலும் அது மட்டும் போறதில்ல.

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்குது. எங்க அக்கா ஹங்கேரியில ஒரு காலேஜ்ல கணக்கு சொல்லிக் கொடுக்கிறா. போய் ரெண்டாவது குளிர்காலம். தினமும் நம்ம ஊர் நேரம் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால் வரும், அங்க அப்போ சாயங்காலம் அஞ்சு மணி. போன ஜனவரியில ஒரு நாள் கேமரா ஆஃப். "நெட் சரியில்லடா"ன்னா. மறுநாளும் அதே. ஒன்பது நாள் இப்படியே போச்சு.

நான் வேலை பார்க்கிறதே நெட்வொர்க் பக்கம். நெட் மோசமா இருந்தா குரலும் உடையும், நடுவுல அறுந்து அறுந்து வரும். இவ குரல் எஃப்.எம். ரேடியோ மாதிரி தெளிவா வருது, படம் மட்டும் வரல. பத்தாவது நாள் அம்மா பக்கத்துல இல்லாதப்ப, "அக்கா, கேமராவை ஆன் பண்ணு"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் ஆன் பண்ணா. இடது கையில மாவுக்கட்டு. ரோட்டுல பனிக்கட்டியில வழுக்கி விழுந்து மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சிருக்கு.

விழுந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்ல. அதை ஏன் ஒன்பது நாள் மறைச்சா? அதுக்குப் பதில் தேடிப் போனப்போதான் இந்த எபிசோடுக்கு விஷயம் கிடைச்சது.

குளிர்னா எவ்வளவு குளிர்?

முதல்ல நம்பர் பேசிடுவோம். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்துல பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். நமக்கு 20 டிகிரி வந்தாலே மார்கழி குளிர், குல்லா, மஃப்ளர். புடாபெஸ்ட்ல ஜனவரி மாத சராசரியே கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஆனா அக்கா சொன்னது வேற. "குளிரைக் கூட சமாளிச்சுடலாம்டா, இருட்டைத்தான் முடியல." டிசம்பர் நடுவுல புடாபெஸ்ட்ல மாலை நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். வருஷத்தோட மிகக் குறுகிய பகல் சென்னையில சுமார் 11 மணி 20 நிமிஷம். அங்க எட்டரை மணி நேரம் கூட முழுசா கிடையாது. மதியம் ரெண்டு மணிக்கு கிளாஸுக்குள்ள போய் நாலு மணிக்கு வெளிய வந்தா ராத்திரி. தெருவுல நின்னு பேச ஆள் இருக்காது, எல்லாரும் வீட்டுக்குள்ள.

அடுத்தது காத்தோட வறட்சி. குளிர்ந்த காத்தால ஈரத்தை அதிகம் வெச்சுக்க முடியாது. மைனஸ் 5 டிகிரியில 80 சதவீத ஈரப்பதம் இருக்கிற காத்தை அப்படியே உள்ள கொண்டுவந்து 22 டிகிரிக்கு சூடாக்கினா, அதோட ஈரப்பதம் சுமார் 13 சதவீதமா இறங்கிடும். நான் கணக்கு போட்டுப் பார்த்த நம்பர் இது. அதனாலதான் உதடு வெடிக்குது, தோல் அரிக்குது, கதவுக் கைப்பிடியைத் தொட்டா பட்டுனு ஷாக் அடிக்குது. வருஷம் முழுக்க புழுக்கத்துல வாழ்ந்த பெரம்பூர் உடம்புக்கு இது புதுசு.

வீட்டுக்குள்ள கதகதப்பா இருக்கும். அங்க நிறைய அடுக்குமாடி வீடுகளுக்கு ஒரு பொது நிலையத்துல இருந்து குழாய் வழியா வெந்நீர் வந்து சுவர் ஓரத்து ரேடியேட்டரை சூடாக்கும். அக்காவுக்கு அந்த ரேடியேட்டர்தான் அடுப்பங்கரைத் துணை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும் இல்லையா, ஜன்னல் ஓரம் வெச்ச பாட்டில் கல்லாயிடும். இட்லி மாவும் பொங்காது. மாவுப் பாத்திரத்துக்கு ஒரு துண்டைச் சுத்தி ரேடியேட்டர் பக்கத்துல வெச்சு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பா.

இப்போ அந்த வழுக்கலுக்கு வருவோம். புதுசா விழுந்த பனி பஞ்சு மாதிரி, கால் பதியும். ஆபத்து அதுக்கப்புறம்தான். பகல்ல பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல போனதும் பனி உருகித் தண்ணியா ஓடும். ராத்திரி அதே தண்ணி உறைஞ்சு, கண்ணாடி ஒட்டின மாதிரி நடைபாதையில படிஞ்சிடும். பார்த்தா ஈரத் தரைன்னுதான் தோணும். நாம விழும்போது தானா கையை ஊணுவோம், மொத்த எடையும் மணிக்கட்டுல இறங்கும். அங்க இருக்கிறவங்க சின்னச் சின்ன அடியா, கால் முழுசையும் தரையில வெச்சு, வாத்து மாதிரி நடப்பாங்க. அக்கா நம்ம பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டுல ட்ரெயினைப் பிடிக்க ஓடுற வேகத்துல நடந்திருக்கா.

உள்ள டீச்சர், வெளிய ஒண்ணாம் கிளாஸ்

கிளாஸ்ல அவ ராணி. பாடம் இங்கிலீஷ்ல. பசங்க அவளைக் கூப்பிடறது "தனார்நூ". நம்ம "மிஸ்" மாதிரி, ஆசிரியைன்னு அர்த்தம். ஒரே ஒரு குழப்பம்: ஹங்கேரியில குடும்பப் பேர் முதல்ல, சொந்தப் பேர் பின்னால வரும். நம்ம பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடத்துல அப்பா பேர்தானே இருக்கும்? அதனால லிஸ்ட்ல அப்பா பேர்தான் முன்னாடி. முதல் வாரம் முழுக்க எல்லாரும் எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருக்காங்க. அப்பாவுக்கு ஒரே பெருமை.

அங்க மார்க் 1 முதல் 5 வரைக்கும்தான். 1 ஃபெயில், 5 ரொம்ப நல்லது. சென்டம் வாங்கியே பழகின அக்கா முதல் தடவை ஒருத்தனுக்கு அஞ்சு போட்டப்போ கை நடுங்கிச்சாம்.

ஆனா காலேஜ் வாசலைத் தாண்டினா அவளுக்கு எழுத்தே தெரியாது. கடையில தயிர்னு நெனச்சு புளிப்பு க்ரீம் வாங்கிட்டு வந்து சாதத்துல பிசைஞ்சிருக்கா. மருந்துக் கடையில இருமலை நடிச்சுக் காட்டியிருக்கா. வீட்டுக்காரம்மா கதவுல ஒட்டின நோட்டீஸை போட்டோ எடுத்து மொழிபெயர்க்கணும். பத்து வருஷம் டீச்சரா இருந்தவ, "எனக்குத் தெரியல, சொல்லிக் கொடுங்க"ன்னு ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லணும். அந்த அவமானம் குளிரை விட ஜாஸ்தின்னு சொன்னா.

இதுல ஒரு வேடிக்கை. ஹங்கேரிய மொழி பக்கத்து நாட்டு மொழிகள் மாதிரி இல்ல, ஃபின்னிஷ், எஸ்தோனியன் எல்லாம் தூரத்துச் சொந்தம். ஆனா கட்டமைப்பு நமக்குப் பழக்கமானது. "ஹாஸ்"னா வீடு. "ஹாஸ்பன்"னா வீட்டில். "ஹாஸம்பன்"னா என் வீட்டில். நம்ம வேற்றுமை உருபு மாதிரியே ஒண்ணு பின்னால ஒண்ணா ஒட்டிக்கிட்டே போகும். நீ, நீங்க வித்தியாசமும் உண்டு. ரெண்டும் உறவு மொழிகள்னு அர்த்தம் இல்ல. ஆனா இங்கிலீஷ்காரனுக்குத் தலை சுத்துற இடத்துல தமிழ்ப் பொண்ணுக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். அக்கா அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆச்சு. காரணம், அதுவரைக்கும் அவ யார்கிட்டயும் கத்துக்கணும்னு உட்காரல.

வார்சாவில் ஒரு தமிழ் எழுத்தாளர்

இந்த வேலைக்கு அக்கா முதல் ஆள் இல்ல. இந்தி எழுத்தாளர் அஸ்கர் வஜாஹத் புடாபெஸ்ட்ல இருக்கிற ஏத்வோஷ் லோராந்த் பல்கலைக்கழகத்துல அஞ்சு வருஷம் பாடம் நடத்தியிருக்கார். நம்ம பக்கத்துல இன்னும் பெரிய பேர் ஒண்ணு இருக்கு: இந்திரா பார்த்தசாரதி. 1930-ல பிறந்து கும்பகோணத்துல வளர்ந்தவர், டெல்லி பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர். 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினவர். அவர் 1981 முதல் 1986 வரைக்கும் போலந்துல, வார்சா பல்கலைக்கழகத்துல, இந்தியத் தத்துவமும் பண்பாடும் சொல்லிக் கொடுக்கிற வருகைப் பேராசிரியரா இருந்தார். 'ஏசுவின் தோழர்கள்' நாவலோட பின்னணி போலந்துதான்.

அந்த வருஷங்களைக் கவனிங்க. 1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தை அடக்க ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். விடிஞ்சு பார்த்தா பனி மூடின தெருவுல டாங்கி. டெலிபோன் எல்லாம் நள்ளிரவுலயே துண்டிப்பு. டிவியில செய்தி வாசிக்கிறவர் ராணுவ யூனிஃபார்ம்ல உட்கார்ந்திருக்கார். ஊரடங்கு. பல்கலைக்கழக வகுப்புகள் நிறுத்தம். சர்க்கரைக்கு 1976-லிருந்தும், கறிக்கு 1981-லிருந்தும் ரேஷன் கார்டு இருந்துச்சு. கடை முன்னாடி குளிர்ல கியூ. போன் திரும்ப வந்தப்போ, பேச ஆரம்பிச்சா நடுவுல ஒரு பதிவுக் குரல் கேட்கும்: "ரொஸ்மோவா கொன்ட்ரொலோவானா". இந்தப் பேச்சு கண்காணிக்கப்படுதுன்னு அர்த்தம். கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சு, தணிக்கை செய்ததுன்னு முத்திரை குத்தி அனுப்புவாங்க. ராணுவச் சட்டம் முழுசா நீங்கினது 1983 ஜூலை 22-ல.

இதைப் படிச்சப்போ எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. அன்னைக்கு வார்சாவுல இருந்தவங்களுக்கு, "நான் நல்லா இருக்கேன்"னு வீட்டுக்குச் சொல்லக் கூட வழி இல்ல. கம்பியை வெட்டினது அரசாங்கம். இன்னைக்கு அக்கா கையில ஃப்ரீ வீடியோ கால் இருக்கு. கம்பியை வெட்டினது அவளேதான்.

கேட்டேன். அவ சொன்னது இதான்: "வெளிய நாள் முழுக்க ஒண்ணும் தெரியாதவளா இருக்கேன்டா. வீட்டுலயாவது எல்லாம் தெரிஞ்ச அக்காவா இருக்கணும்னு நெனச்சேன்."

பெரம்பூருக்கு வந்த பனி ஊர்க்காரங்க

அன்னைக்கு சாயங்காலம் தாத்தா ஒரு பழைய கதை சொன்னார். நம்ம ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ல நேரு திறந்து வெச்சார். தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்துல இருந்து, சூரிக் பக்கத்துல ஷ்லீரன்ங்கிற ஊர்ல இருந்த கம்பெனியோடது. தாத்தா அங்க ஆரம்ப கால வெல்டர். சொல்லிக் கொடுக்க வந்த சுவிஸ்காரங்க ஆல்ப்ஸ் பனியில வளர்ந்தவங்க. இங்க மே மாசம், இரும்புத் தகடு, வெல்டிங் சூடு.

"அந்த வாத்தியார் ஷாப்புக்குள்ள புலிடா. பத்தடி தள்ளி நின்னே வெல்டிங்ல எங்க ஓட்டை இருக்குன்னு சொல்லிடுவான். வெளிய வந்தா ரிக்‌ஷாக்காரன்கிட்ட பேரம் பேசத் தெரியாது. ஒரு நாள் வெயில்ல மயங்கி உட்கார்ந்துட்டான். நான்தான் மோர் வாங்கிக் கொடுத்து, உப்பு போட்டுக் குடிக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட கேட்பான். என்கிட்ட கேட்டதால அவன் வாத்தியார் இல்லாம போயிட்டானா?"

அந்த ஆடியோவை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன்.

விழுந்த அன்னைக்கு அவளைத் தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், ஃபார்ம் எல்லாம் எழுதினது அவளோட ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு. முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட அவ உதவின்னு ஒண்ணு கேட்டதே இல்ல. இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தப் பொண்ணுகிட்ட ஹங்கேரிய மொழி கத்துக்கிறா. பதிலுக்கு இவ இட்லி. மாவு எப்படிப் பொங்குதுன்னு பார்க்கவே அந்தப் பொண்ணு வருதாம்.

அம்மாகிட்ட பத்தாவது நாளே சொல்லிட்டோம். அரை மணி நேரம் அழுதாங்க. அப்புறம், "இங்க இருந்திருந்தா புத்தூர் கட்டு போட்டிருக்கலாம்"னாங்க. அதோட நார்மல் ஆயிட்டாங்க.

கடைசியா, இப்படி ஒரு வேலைக்குப் போக நெனைக்கிறவங்களுக்கு. சம்பளம், விசா எல்லாம் நீங்களே பார்ப்பீங்க. கூடவே மூணு விஷயம் கேளுங்க. ஹீட்டிங் பில் வாடகைக்குள்ள வருதா? இன்சூரன்ஸ் எந்த நாள்ல இருந்து செல்லும்? அந்த ஊர் மொழியை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பாங்க? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லன்னா, போன முதல் மாசமே ஒரு ஆளைத் தேடிக்கோங்க. வழுக்காத சோல் வெச்ச ஷூவை அங்கயே போய் வாங்குங்க. ஆபத்துன்னா ஐரோப்பிய யூனியன் முழுக்க 112.

வீட்டுல இருக்கிற நம்மளுக்கும் ஒண்ணு. "சாப்டியா, குளிருதா"ன்னு மட்டும் கேட்காம, "இன்னைக்கு என்ன புரியல?"ன்னு கேட்டுப் பாருங்க. நாங்க இப்போ அப்படித்தான் கேட்கிறோம். அக்கா இன்னொரு வருஷத்துக்கு கையெழுத்து போட்டிருக்கா. கேமரா ஆன்லதான் இருக்கு.

அடுத்த வாரம் பார்ப்போம். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் வெளியூர்ல இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பாதீங்க. முதல்ல ஒரு கால் பண்ணுங்க.